மலைவழி மோட்டாரும் மகவின் காப்பும்

(ஏற்காட்டிற் கூடிய நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இலக்கியம் பற்றிச் சிறிது பேசுக என்று காரியதரிசியவர்கள் எமக்குக் கடிதம் விடுத்திருந்தார்கள். தமிழாசிரியன் ஒருவன் மேடையேறினால் இலக்கியத்தையே எதிர்பார்ப்பது முறை. யாமோ இன்று கார் டயருக்குக் காற்றடைப்பதைக் குறித்தும், காரிற் செல்லும் குழந்தையைப் பட்டியிற் பிணித்து அமர்த்துவதைக் குறித்தும் பேச எழுந்து நிற்கின்றோம். பண்டிதனுக்கு இவ்வேலை எதற்கென்று முன்வரிசையில் யாரேனும் நகைப்பின் அந்நகையை ஏற்றுக்கொள்கின்றோம். இப்பொருளை எடுத்துக்கொண்ட காரணத்தை முதற்கண் சொல்லிவிடுகின்றோம்.

சென்ற கோடை விடுமுறையில், சேர்வராயன் கோயில் திருவிழாவிற்கென்று எம் குடும்பத்தார் எண்மர், ஐவர் அமர்தற்குரிய காரொன்றிற் சேலத்திலிருந்து புறப்பட்டோம். வண்டி எம் மைத்துனருடையது, ஓட்டியவரும் அவரே. அடிவாரத்தில் இளநீர் பருக நின்றவிடத்து, அங்கிருந்த ஒருவர், மலைக்குப் போகுமுன் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் டயர் நன்றாகப் பிடிக்கும் என்று யோசனை கூறினார். நல்லெண்ணத்தோடு கூறிய யோசனைதான். நான்கு சக்கரங்களிலும் இறக்கிவிட்டோம். எவ்வளவு இறக்கினோம் என்று அளந்தறியக் கருவியில்லை. புஸ்ஸென்ற ஓசையே அளவாயிற்று. ஏறும்போது ஒரு குறையும் நேரவில்லை. ஆதலின் யோசனை நல்லதே என்று மகிழ்ந்தோம்.

மாலையில் மழை தூறிக்கொண்டிருக்க இறங்கினோம். முன்னிருக்கையில் யாம், எம் மடியில் தங்கையின் மகன், மூன்று வயதினன். காவலர்க்கு அஞ்சி எம்மை யாம் ஸீட் பெல்ட்டாற் பிணித்துக்கொண்டோம், குழந்தையைப் பிணித்திலேம். கொண்டை ஊசி வளைவொன்றில் எதிரே பஸ் ஏறிவந்தது. ஏறும் வண்டிக்கே வழிவிடவேண்டும் என்பது மலைச்சாலை நெறி. மைத்துனர் பிரேக்கை அழுத்தினார், ஸ்டியரிங்கைத் திருப்பினார். வண்டி திரும்பவேண்டிய அளவு திரும்பாது வழுவிச் சென்று கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. பெரிய மோதலன்று, பம்பர் நசுங்கியது, அவ்வளவே. எமக்கு ஒரு கீறலுமில்லை. எம் இரு கைகளுக்குள் இருந்த குழந்தை அக்கைகளுக்குள் இல்லை. டாஷ்போர்டில் முகம் மோதி, மேலிதழ் கிழிந்து, முன்பற்கள் இரண்டு போயின.

சேலத்திற் கொண்டுவந்து தையலிட்டார்கள். இதழ் ஆறிவிட்டது. எனினும் இன்றும் காரைக் கண்டால் அச்சிறுவன் முதலில் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொள்கின்றான். எம் தங்கை இதுகாறும் எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும்.

காற்றைக் குறையாதிருந்தால் வண்டி சுவரை முட்டாது நின்றிருக்குமோ என்பதை யாம் அறுதியிட்டுக் கூறவியலாது. மழையும் இருந்தது, சுமையும் மிகுதி. குழந்தை தனக்குரிய இருக்கையிற் பிணிக்கப்பட்டுப் பின்னால் அமர்ந்திருந்தால் அம்முகம் டாஷ்போர்டைத் தொட்டிராது என்பது மட்டும் திண்ணம்.

அன்றுமுதல் இவ்விரு பொருள்களையும் பள்ளிப் பாடம்போற் கற்கத் தொடங்கினோம். நம் பள்ளியின் விஞ்ஞான ஆசிரியர், கரும்பலகையில் எமக்கொரு கணக்கு இட்டுக் காட்டினார். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி மோதி அரை மீட்டர்த் தொலைவுக்குள் நிற்குமாயின், உள்ளிருக்கும் உடல் தன் எடையைப்போல் ஏழு மடங்கு விசையோடு முன்னோக்கிப் பாயும். 14 கிலோ எடையுள்ள குழந்தை அந்நொடியில் நூறு கிலோ அளவாக இழுக்கும். இரண்டு சிமெண்டு மூட்டைகளைத் திடீரென ஒருவர் கையில் எறிந்தாற் பிடிக்க இயலுமோ? தாயின் அன்பு எத்துணைப் பெரிதாயினும் அவள் முழங்கைக்கு அவ்வலிமை இல்லை. பிறிதொரு வகையாலும் அவர் விளக்கினார். 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 3½ மீட்டர் உயரத்திலிருந்து வீழ்வதற்கு ஒப்பு. 60 கிலோமீட்டராயின் 14 மீட்டர். வேகம் இரட்டித்தால் வீழ்ச்சி நான்மடங்காகும். மாடியின் கைப்பிடிச் சுவர்மேற் குழந்தையை நிறுத்த ஒருப்படாத நாம், ஓடுகின்ற காரின் முன்னிருக்கையில் மடிமேல் நிறுத்திச் சாலையை வேடிக்கை காட்டுகின்றோம்.

தாயையும் சேயையும் ஒரே பட்டிக்குள் அடக்கிப் பூட்டுவோர் உளர். அது மடியினும் தீது. மோதுங்கால் தாயின் எடை முழுவதும் பட்டிக்கும் தனக்கும் இடையே குழந்தையை நெரிக்கும். முன்னிருக்கையின் காற்றுப்பையும் பெரியவர்க்கென்றே அமைந்தது. இமைக்கும் பொழுதினும் விரைந்து விரியும் அப்பை, மடியிலுள்ள மழலைக்குக் காப்பாகாது, அடியாகும். ஆதலின் குழந்தைக்குரிய இடம் பின்னிருக்கையே.

குழந்தைக்கெனத் தனியிருக்கை எவ்வாறு தோன்றிற்று என்பது சுவையான செய்தி. மூன்று முனைகளிற் பிணிக்கும் இக்கால ஸீட் பெல்ட்டை 1959-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வால்வோ கம்பெனியின் பொறிவல்லுநர் நில்ஸ் போலின் என்பார் அமைத்தார். அந்நாட்டவரே ஆன பெர்ட்டில் ஆல்ட்மன் என்னும் மருத்துவர், விண்வெளி வீரர்கள் மேலெழும் விசையை முதுகாலே தாங்குமாறு சாய்ந்து அமர்ந்திருத்தலைக் கண்டு, குழந்தையையும் அவ்வாறே முதுகு முன்னோக்க அமர்த்தினால் என்னவென்று எண்ணி, 1964-ஆம் ஆண்டளவில் முதல் மாதிரியைச் செய்தார். பச்சிளங் குழந்தையின் தலை உடல் நீளத்தில் நாலிலொரு பங்கு. கழுத்தெலும்போ இன்னும் முற்றாதது. முன்னோக்கி அமர்ந்தால் மோதலில் அப்பெருந்தலையைக் கழுத்தொன்றே இழுத்துப் பிடிக்கவேண்டும். பின்னோக்கி அமர்ந்தால் முதுகு முழுவதும் அவ்விசையைப் பகிர்ந்து தாங்கும். ஐக்கிய நாடுகளின் 129-ஆம் விதி, 15 மாதம் நிரம்புங்காறும் குழந்தை பின்னோக்கியே அமர்தல் வேண்டுமென்று கட்டளையிடுகின்றது. அதன்பின்னரும் இருக்கை இடந்தருமளவும் அவ்வாறே இருத்தல் நலம். பின்னர் ஐந்து முனைப் பட்டியுடைய முன்னோக்கிய இருக்கை; அதன்பின், வண்டியின் பட்டி கழுத்தை அறுக்காது தோளின்மேலும், வயிற்றில் ஏறாது இடுப்பெலும்பின்மேலும் படியுமாறு உயர்த்தும் பூஸ்டர் இருக்கை. ஏறத்தாழ 4 அடி 9 அங்குலம் வளருமட்டும் இது வேண்டும். வயதைக் காட்டிலும் உயரமும் எடையுமே கணக்கு. தக்கவாறு பயன்படுத்தினால் கைக்குழந்தைகளின் மரணம் நூற்றுக்கு 71 பங்கு குறையுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

நம் நாட்டுச் சட்டமும் இதில் ஊமையன்று. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்திற் புகுந்த 194-பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பட்டியிலேனும் குழந்தைக் காப்பு இருக்கையிலேனும் பிணியாது வண்டி ஓட்டுவோர்க்கு ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கின்றது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையிலும் பெரியோர் காப்பிற்கு 32 மதிப்பெண், குழந்தைக் காப்பிற்கு 49 மதிப்பெண் எனத் தனித்தனியே வைத்துள்ளனர். கார் வாங்குவோர் விலையும் மைலேஜும் கேட்குமிடத்து இதனையும் கேட்கலாம்.

ஏற்காட்டுக் குளிர் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மலையேறியதும் குழந்தைக்குத் தடித்த ஸ்வெட்டர் அணிவித்து அதன்மேற் பட்டியை மாட்டுகின்றோம். மோதலில் ஸ்வெட்டர் அமுங்கும்; பட்டி தளரும்; குழந்தை நழுவும். ஸ்வெட்டரைக் கழற்றிப் பட்டியை இறுக்கியபின் மேலே போர்வை போர்த்துக. தோளருகே பட்டியை விரலாற் கிள்ளினால் மடிப்பு அகப்படாதிருத்தல் வேண்டும்.

இனிக் காற்று. காற்றடைத்த டயர் பெருவழக்கில் வந்ததே ஒரு குழந்தையின் பொருட்டு என்பதைப் பலர் அறியார். பெல்பாஸ்ட் நகரிற் கால்நடை வைத்தியராயிருந்த ஜான் பாய்ட் டன்லப் என்பார், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கல்தளத்தில் அதிர்வதைக் கண்டு, ரப்பர்க் குழாயிற் காற்றை நிரப்பிச் சக்கரத்திற் சுற்றினார். 1888-இல் உரிமை பெற்றார். தாம்ஸன் என்பவர் அதற்கு நாற்பதாண்டு முன்னரே இதனைக் கண்டிருந்தும் அது வழக்கில் நிலைக்கவில்லை. மகனின் நலங்கருதி ஒரு தந்தை அடைத்த காற்றைத்தான் அடிவாரத்தில் யாம் புஸ்ஸென்று இறக்கினோம்.

வண்டியின் சுமையைத் தாங்குவது ரப்பரென்று நினைக்கின்றோம். தாங்குவது உள்ளிருக்கும் காற்றே. அது குறையின் டயரின் பக்கங்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் மடிந்து மடிந்து சூடேறும். நெடுஞ்சாலையில் விரைந்து செல்லுங்கால் அச்சூட்டினால் டயர் வெடிப்பதுண்டு. கொண்டை ஊசி வளைவிலோ, ஸ்டியரிங் சொன்னதைச் சக்கரம் உடனே கேளாது. டயர் பக்கவாட்டில் நெளிந்த பின்னரே வண்டி திரும்பும். சேலத்திலிருந்து இங்கு வருமுன் இருபது கொண்டை ஊசிகள் உள்ளன. மணலிற் புதைந்தவன் காற்றைக் குறைக்கலாம். மலைத் தார்ச்சாலைக்கு அம்முறை ஆகாது.

எவ்வளவு அடைப்பது? சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதிற் குறைந்த சுமைக்கு ஓரளவும் நிறைந்த சுமைக்குப் பின்சக்கரத்தில் மிக்க அளவும் குறித்திருப்பர். சதுர அங்குலத்திற்கு இத்தனை இராத்தல் என்பது அதன் பொருள். பஞ்சர் கடையில் வெறுமனே முப்பத்துமூன்று, முப்பத்தாறு என்பர். டயரின் பக்கத்திற் பொறித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதனை நோக்கி அடைத்தல் பிழை. ஐவர்க்குரிய வண்டியில் எண்மரை ஏற்றினாலோ, எந்த அளவும் பொருந்தாது. அப்பிழைக்குக் காற்றுக்கடையில் மருந்தில்லை.

மலைமேல் அளவு மாறுமே என்பார் உளர். மாறும், ஆனால் வேடிக்கையாக மாறும். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சிறிது மேல். மேலேறப் புறக்காற்றின் அழுத்தம் குறைதலின் கருவியின் முள் சுமார் இரண்டு இராத்தல் கூடும். சேலத்து வெயிலிலிருந்து இங்குள்ள குளிருக்கு வந்ததும் 15 பாகை வெப்பம் குறைந்தால் அதே இரண்டு இராத்தல் இறங்கும். ஒன்றை மற்றொன்று விழுங்கிவிடும். ஏறிவந்தவுடனே அளப்பதுதான் தவறு. ஓட்டத்தினாற் சூடேறிய டயர் நாலைந்து இராத்தல் மிகுத்துக் காட்டும். அதனைக் கண்டு இறக்கிவிட்டால், ஆறியபின் உள்ளதும் குறையும். வண்டி மூன்று மணி நேரம் நின்றபின் அளப்பதே அளவு. டயர் மாதந்தோறும் ஓரிரண்டு இராத்தல் தானே இழக்குமாதலின் மாதமொருமுறை பார்த்தல் வேண்டும், ஸ்டெப்னியை மறத்தலாகாது. நைட்ரஜன் அடைத்தால் பார்க்கவே வேண்டாம் என்பாரை நம்பற்க. நாம் மூச்சுவிடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். புதுவண்டிகள் சிலவற்றிற் காற்றுக் குறைந்தால் மஞ்சள் விளக்கெரியும் ஏற்பாடு உண்டு. நல்லதே. ஆயினும் சிலவற்றில் அவ்விளக்கு எரிவதற்குள் நாலிலொரு பங்கு போயிருக்கும்.

குழந்தையைக் கட்டிப்போடுவதா என்று பாட்டிமார் வருந்துவர். கழனிக்குச் சென்ற தாய் தூளியிலிட்டதும் முதுகிற் சேலையாற் கட்டியதும் கட்டியதுதானே? முதல் நாலைந்து நாள் அழும். பின்னர் அதுவே தன் சிங்காசனமென்று உரிமை கொண்டாடும். எம் மருகன் இப்போது பட்டியைத் தானே எடுத்து நீட்டுகின்றான்.

செலவென்பார்க்கு ஒன்று கூறுவோம். அவனுடைய காதணி விழாவில் யாம் தாய்மாமன் முறையிற் பொற்கடுக்கன் சீர் செய்தோம். ஊரார் புகழ்ந்தனர். அக்கடுக்கன் பெட்டியில் உறங்குகின்றது. அதன் விலைக்கு நல்ல இருக்கையொன்று வாங்கி மிச்சமும் இருந்திருக்கும். ஆதலின் நம் சங்கத்தார்முன் இரண்டு வேண்டுகோள் வைக்கின்றோம். காதணி விழாவில் தாய்மாமன் சீர்த்தட்டில் குழந்தை இருக்கையும் ஒரு பொருளாக இடம்பெறுக. சொந்தக் காரின்றி வாடகைக் காரிற் செல்வோர்க்கென்று, சங்கக் கட்டடத்தில் சில இருக்கைகளை வாங்கிவைத்துப் பந்திப் பாத்திரங்களை இரவல் தருவதுபோல் தருக. முதல் இருக்கைக்குரிய தொகையை யாம் இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டோம். விபத்திற் சிக்கிய பழைய இருக்கையை மட்டும் யாரும் நன்கொடையாகத் தரவேண்டா. அதன் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

காலையில் வெளியே நின்ற வண்டிகளைச் சுற்றிப் பார்த்தோம். குழந்தைகள் இறங்கியவை பல; இருக்கை பொருத்தியிருந்தது ஒன்று மட்டுமே. நீவிர் வந்து நான்கு மணி நேரம் ஆயிற்று. டயர்கள் நன்றாக ஆறியிருக்கும். உணவு முடிந்ததும் எம் மாணவன் ஒருவன் அளவுகருவியோடு வாயிலில் நிற்பான். குறைந்த வண்டிகளுக்கு அடைக்கச் சிறு காற்றுப்பம்பும் கொணர்ந்துள்ளோம். எம் மைத்துனரின் கார் மரத்தடியில் நிற்கின்றது. இருக்கையைப் பொருத்தும் முறையைக் காண விழைவோர் அங்கு வருக. மருகன் தானே அமர்ந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கின்றான்.