மடிக்கணினியும் நாமும்

(குன்றத்தூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உரமுமன்று, விதையுமன்று. நம் வீடுகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் வந்து அமர்ந்துவிட்ட மடிக்கணினியைப் பற்றியே சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். பம்புசெட்டு நின்றுவிட்டால் என்ன செய்வதென்று இங்கே அமர்ந்திருப்போர் யாவருக்கும் தெரியும். ப்யூஸ் போயிருக்கிறதா என்று பார்ப்போம். ஃபுட் வால்வைப் பார்ப்போம். அதற்குப் பிறகே மெக்கானிக்குக்கு ஆள் அனுப்புவோம். மடிக்கணினி நின்றுவிட்டாலோ, பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். அதைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுகிறோம்.

இந்த யந்திரம் நம் கிராமங்களுக்கு வந்த வரலாறு நீண்டதன்று. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், மேல்நிலைப் பள்ளி மாணவருக்கும் கல்லூரி மாணவருக்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் நம் மாநிலத்தில் தொடங்கப்பெற்றது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான யந்திரங்கள் மாணவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னர் சில காலம் வழங்கல் நின்றிருந்தது. 2025 மார்ச் மாதத்து வரவு-செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று மீண்டும் அறிவிக்கப்பட்டது. உழவர் வீட்டுக்குள் இத்தனை விரைவில் புகுந்த யந்திரம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. டிராக்டர்கூட இவ்வளவு வேகமாக வரவில்லை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். இந்த யந்திரத்தைப் பொறுத்தமட்டில் அந்தப் பழமொழியைச் சற்றே ஒதுக்கிவைக்க வேண்டும். இலவசமாக வந்தாலும், காசு கொடுத்து வாங்கினாலும், வந்த அன்றைக்கே பார்த்துவிட வேண்டியவை சில உண்டு. அடிப்பாகத்தில் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உத்தரவாத அட்டையையும் ரசீதையும் நிலப் பத்திரங்கள் உள்ள பெட்டியிலேயே வையுங்கள். இவற்றைக் காட்டிலும் முக்கியமானது ஒன்று இருக்கிறது. இப்போது வரும் விண்டோஸ் 11 யந்திரங்கள் பலவற்றில், உள்ளே இருக்கும் தகவல் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. திருடன் கையில் சிக்கினாலும் அவனால் படிக்க இயலாது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில பழுதுகளுக்குப் பிறகு, யந்திரம் தன் சொந்தக்காரரையே அடையாளம் தெரியாமல், 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். அந்த இலக்கங்கள், முதல் நாளில் எந்த மின்னஞ்சல் கணக்கைக் கொடுத்துத் தொடங்கினோமோ அந்தக் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு கடைக்காரர் பெயரில் இருந்தால்? அல்லது பையன் அன்றைக்கு மட்டும் ஏதோ ஒரு பெயரில் தொடங்கி, கடவுச்சொல்லை மறந்திருந்தால்? யந்திரம் நம்முடையது, உள்ளே இருப்பது நமக்கு இல்லை என்ற நிலை வந்துவிடும். ஆகவே கணக்கைச் சொந்தப் பெயரில் தொடங்கி, அந்த 48 இலக்கங்களையும் தாளில் எழுதி, பத்திரப் பெட்டியில் வைக்கச் சொல்கிறோம்.

புதிதாக வாங்கியவர்கள் எங்களிடம் அடிக்கடி கொண்டுவரும் புகார் ஒன்றையும் இங்கே தீர்த்துவிடலாம். '256 ஜிபி என்று சொல்லி விற்றார்கள், திரையிலே 238 என்றுதான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள்' என்பதே அது. ஏமாற்று ஏதுமில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024 வீதம் எண்ணுகிறது. மரக்கால் வேறுபட்டால் நெல்லின் கணக்கும் வேறுபடுமல்லவா? நெல் அதேதான்.

மின்சாரத்துக்கு வருவோம். நம் பகுதியில் யந்திரங்கள் கெடுவதற்கு இதுவே பெருங்காரணம் என்பது எங்கள் அபிப்பிராயம். சார்ஜரின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று பெரும்பாலானவற்றில் அச்சிட்டிருக்கும். எனவே மின்னழுத்தம் குறைவதால் அதற்குத் தீங்கு அதிகமில்லை. மின்சாரம் நின்று திரும்பி வரும் அந்தக் கணத்தில் பாயும் அதிர்ச்சியும், இடி மின்னலும்தான் அதற்குப் பகை. மின்சாரம் நின்றதும் சார்ஜரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, திரும்பி வந்து ஐந்து நிமிடம் கழித்து மாட்டுவது செலவில்லாத காப்பு. இன்னொன்று: மேற்பகுதி உலோகமாக உள்ள மடிக்கணினியைத் தொட்டால் கையில் சுருசுருவென்று இருக்கிறது என்று சிலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் யந்திரத்தில் கோளாறு இல்லை. வீட்டில் எர்த் சரியில்லை. மூன்று முள் பிளக்கில் ஒரு முள்ளை ஒடித்து இரண்டு துளையில் செருகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதுவும் காரணம். அந்த எர்த்தைச் சரிசெய்வது கணினிக்காக மட்டுமன்று. அதே வீட்டில்தான் கிரைண்டரும் ஓடுகிறது, குழந்தைகளும் நடமாடுகிறார்கள்.

சோமங்கலம் பக்கத்திலிருந்து விவசாயி ஒருவர் தம் மகளின் மடிக்கணினியோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். புறநகரில் உள்ள ஒரு பழுதுபார்க்கும் கடையில், தாய்ப்பலகை போய்விட்டது, எட்டாயிரம் ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கணினி இயக்குநர் அதே அளவுள்ள வேறொரு சார்ஜரை மாட்டினார்; விளக்கு எரிந்தது. கெட்டிருந்தது சார்ஜரின் கம்பி மட்டுமே. கடைக்காரர்கள் யாவரும் இப்படி என்று சொல்லமாட்டோம். நேர்மையான கைகள் நம் ஊரிலேயே பல உண்டு. ஆனால் சோதித்துப் பார்க்காமல் பெரிய செலவுக்குத் தலையசைக்கக் கூடாது. வேறு சார்ஜரை மாட்டும்போது வோல்ட் எண் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் எண் பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறைவாக இருக்கலாகாது.

சார்ஜரும் சரி, யந்திரம் மட்டும் உயிர்பெறவில்லை என்றால் என்ன செய்வது? சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியைக் கழற்றக்கூடிய பழைய மாதிரியானால் அதையும் கழற்றிவிட்டு, இயக்கும் பொத்தானை முப்பது வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி இயக்குங்கள். செத்துவிட்டதாகக் கருதப்பட்ட யந்திரங்கள் பல இந்த ஒரு செய்கையால் எழுந்திருக்கின்றன. விசிறி ஓடும் ஓசை கேட்கிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது என்றால், டார்ச் விளக்கைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துத் தெரிந்தால் திரையின் பின்விளக்குப் போயிருக்கிறது; உள்ளே இருக்கும் கணக்குகளுக்கு ஆபத்தில்லை.

சூடும் புழுதியும் அடுத்த பகை. மெத்தைமேல், தலையணைமேல் வைத்து வேலை செய்தால் காற்றுப் போகும் வழி அடைபட்டுவிடும். நம்முடைய வைக்கோல் தூசியும் செம்மண் புழுதியும் விசிறியில் கம்பளம் போல் படிந்துவிடும். மரப்பலகைமேல் வைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்விப்பதும் போதும். எறும்புகளுக்கும் இந்த யந்திரத்தின் வெதுவெதுப்பு மிகப் பிடிக்கும் என்பதைத் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும். பலகாரத் தட்டை அதன் அருகில் வைக்க வேண்டாம்.

பேட்டரி உப்பியிருந்தால், அதாவது அடிமூடி மேடாகியோ தொடுபலகை தூக்கிக்கொண்டோ இருந்தால், உடனே நிறுத்திவிட வேண்டும். அதைக் குத்துவதோ அழுத்துவதோ கூடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பற்றினால் அடங்குவது எளிதன்று.

பரணில் கிடக்கும் பழைய விலையில்லா மடிக்கணினியை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். எறிந்துவிட வேண்டியதில்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருப்பது சுழலும் வன்தட்டு. அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் சுழலாத வகையைப் பொருத்தினால், பத்து நிமிடம் எடுத்துத் திறந்த யந்திரம் ஒரு நிமிடத்துக்குள் திறக்கும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பழைய யந்திரங்கள் விண்டோஸ் 11ஐ ஏற்கமாட்டா. அவற்றுக்கு லினக்ஸ் வகை ஏற்றதாகும். தொடக்கத்தில் தந்த யந்திரங்களிலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸுடன் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டாவது கதவைத் திறந்து பார்த்த வீடுகள் மிகச் சில.

ஊராட்சி உறுப்பினர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது, தமிழ் எழுத்து பற்றியது. பழைய தீர்மானத்தையோ பழைய கடிதத்தையோ புதிய மடிக்கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து ஏதோ மந்திரம் போல் தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிட்டவர்களும் உண்டு. கெடவில்லை! முற்காலத்தில் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்தை உட்காரவைத்தன. அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் ஆங்கிலமே வெளியே வரும். யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே இருக்கை. 2010ஆம் ஆண்டு நம் அரசும் இதனை ஏற்றுக்கொண்டது. பழைய கோப்பை அழிக்காமல், எழுத்துரு மாற்றி என்னும் இலவசச் செயலியைக் கொண்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். புதிதாகத் தட்டச்சுக் கற்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் 99 விசைப்பலகையைப் பழக்குங்கள். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த இணைய மாநாட்டின் பயனாக வந்த அமைப்பு அது. உயிரெழுத்து இடக்கைக்கும், மெய் பெரும்பாலும் வலக்கைக்கும் வருவதால் விரல் களைப்பதில்லை.

இனி, எல்லாவற்றையும்விட நமக்குக் கவலை தருவது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூட்டுகிறோம். அவற்றின் தீர்மானங்கள், வீட்டுவரிப் பட்டியல், குடிநீர் இணைப்புக் கணக்கு, வேலைகளின் புகைப்படங்கள், இவை யாவும் ஒரே ஒரு மடிக்கணினியில் கிடக்கின்றன. அரசின் இணையதளத்தில் ஏற்றியது பத்திரமாக இருக்கும். ஏற்றாமல் வைத்திருப்பது? ஒரு நாள் அந்தத் தட்டு நின்றுவிட்டால், எவர் வரி கட்டினார், எவர் கட்டவில்லை என்ற வழக்கு ஊரிலே கிளம்பும். கட்டிய ஏழை ரசீதைத் தொலைத்திருந்தால் இரண்டாம் முறை கட்ட நேரும். விதைநெல்லை ஒரே குதிரில் கொட்டிவைப்பவர் உண்டா? யந்திரத்தில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று, அந்த அலுவலகக் கூரைக்கு வெளியே ஒன்று என மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். பிரதி எடுத்தால் போதாது; மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறக்காத பிரதி இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

கூரைக்கு வெளியே என்று சொன்னதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். 2015 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு பெருகி, வரதராஜபுரம், முடிச்சூர் வீடுகளில் வெள்ளம் புகுந்ததை நாம் கண்டோம். யந்திரமும் அதன் பக்கத்தில் இருந்த பென் டிரைவும் ஒரே தண்ணீரில்தான் மூழ்கும். நனைந்த மடிக்கணினியை, வேலை செய்கிறதா என்று இயக்கிப் பார்ப்பதுதான் அதைக் கொல்லும் செயல். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் பலகை கருகிவிடும். இயக்காமல், சார்ஜரையும் பேட்டரியையும் நீக்கி, கவிழ்த்து வைத்து, தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் பலன் இல்லை. மாவும் தவிடும் உள்ளே போவதே மிச்சம். யந்திரம் பிழைக்காவிட்டாலும் தட்டை மட்டும் கழற்றி வேறு யந்திரத்தில் மாட்டித் தகவலை மீட்க வாய்ப்புண்டு. ஆகவே பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

திரையிலே திடீரென்று சிவப்பு எச்சரிக்கை தோன்றி, உங்கள் கணினியில் கிருமி புகுந்தது, இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று வந்தால் பேச வேண்டாம். மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் எச்சரிக்கையில் தொலைபேசி எண் தருவதில்லை. அப்படிப் பேசி வங்கிப் பணத்தை இழந்தவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. புதிய யந்திரம் உத்தரவாதக் காலத்திலேயே கெட்டு, விற்றவர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதிலும் தீரவில்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ரசீதைப் பத்திரப் பெட்டியில் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கூட்டம் முடிந்ததும் எங்கள் கணினி இயக்குநர்கள் அடுத்த அறையில் இருப்பார்கள். யந்திரம் கொண்டுவந்தவர்கள் சார்ஜரையும் சேர்த்துக் கொடுங்கள். உப்பிய பேட்டரி உள்ளதை மட்டும் அறைக்குள் எடுத்துவராமல், வாசலில் உள்ள ஊழியரிடம் முதலில் சொல்லுங்கள்.