மனு யாரிடம் போகிறது?

நேரம் குறைவு என்பதால் நேராகப் பொருளுக்கு வருகிறேன்.

காவல்துறைமீது மக்களுக்கு நம்பிக்கை வளர என்ன வழி என்பதில் எனக்கும் நண்பர்கள் சிலருக்கும் நெடுநாள் வழக்கு. உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். போலீஸ்காரரும் பொதுமக்களும் பழகினால் பயம் போகும், பயம் போனால் நம்பிக்கை வரும் என்பது அவர்கள் கட்சி. ஆகவே நல்லுறவுக் கூட்டம், சிறுவர் மன்றம், கைப்பந்துப் போட்டி. என் கட்சி வேறு. போலீஸ்மீது புகார் சொல்லப் போலீஸுக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். அது இல்லாத ஊரில் ஏட்டையா எவ்வளவு சிரித்துப் பேசினாலும் ஸ்டேஷன் படியேற யாருக்கும் கால் வராது. இதை எழுதியபோது கசப்பான பார்வை என்றார்கள். கசப்பா இல்லையா என்று இன்று பார்த்துவிடலாம்.

1854 ஜூலையில், சென்னை மாகாணத்தில் வரி வாங்கக் குடியானவர்களை வதைக்கிறார்கள் என்று லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட கமிஷன் அமைந்தது. மறு ஆண்டு அறிக்கை வந்தது. சித்திரவதைக் கமிஷன் என்று நாம் சொல்வது இதைத்தான்.

அன்று தாசில்தார்தான் கிஸ்தி வசூலிப்பவர். தாலுகா போலீஸும் அவர் கையில். பாக்கி வைத்தவனைக் குனியவைத்து, கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவார்கள். அதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். விரலைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிப்பது கிட்டி. கண்ணில் மிளகாய்ப் பொடியும் உண்டு. திருட்டுக் கேஸில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் இவைதான்.

இந்தக் கொடுமைகளைப் படித்துப் பதறிவிட்டு எல்லோரும் அறிக்கையை மூடிவிடுகிறார்கள். நான் பார்ப்பது மனு போன வழியை. அடிபட்டவன் கலெக்டருக்கு மனு எழுதிப்போடுவான். கலெக்டர் கச்சேரியில் அதன்மீது குறிப்பெழுதி, விசாரித்து அறிக்கை தரச் சொல்லித் தாசில்தாருக்கே அனுப்புவார்கள். எவன்மீது புகாரோ அவன் கையில் மனு. ஊருக்குத் திரும்பியவன் கதி என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதைக் கண்டவர்கள் வாய் திறக்கவில்லை. புகாரே இல்லை, ஆகவே குறையும் இல்லை என்று அதிகாரிகள் நம்பினார்கள்.

பிறகு கமிஷன் அறிவிப்பு வந்தது. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ இரண்டாயிரம் புகார்கள்! தபாலில் வந்தவை போக, நேரில் வந்து சொன்னவர்கள் நூற்றுக்கணக்கானோர். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது 1856 ஜூலையில்தான். ஆக, தொலை மாவட்டக்காரர்கள் நடந்தும் வண்டி கட்டியும்தான் சென்னை வந்து சேர்ந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கமிஷனுக்கு இல்லை. எந்த அதிகாரியும் அந்த மக்களோடு கைப்பந்து ஆடியிருக்கவும் இல்லை. தாசில்தாரிடம் திரும்பிப் போகாத ஓரிடத்தில் மனு போய்ச் சேரும் என்று தெரிந்தது. அவ்வளவு போதுமாக இருந்தது.

எலியட்டே சென்னைப் பட்டணத்துப் போலீஸ் தலைவர்தானே என்று நண்பர் ஒருவர் மடக்குவார். உண்மைதான். ஆனால் வெளியூர்த் தாசில்தார்களுக்கும் பட்டணத்துப் போலீஸுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வெள்ளை அதிகாரிகளைக் காப்பாற்றிவிட்டுப் பழியைச் சுதேசிச் சிப்பந்திகள் தலையில் கட்டியது அந்த அறிக்கை என்பார் இன்னொருவர். அதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் சான்று காட்டுவது கமிஷனின் தீர்ப்பை அல்ல, அதன் வாசலில் நின்ற கூட்டத்தை.

அதன்பின் 1859இன் 24ஆம் சட்டம் சென்னை மாகாணப் போலீஸை வருவாயிலிருந்து பிரித்தது. போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற விதி 1861இல் வந்து, 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாகி, இன்றைய சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவாக நிற்கிறது. சட்டமே நம்பாத துறையை மக்கள் நம்பவில்லை என்று குறைப்படுவது எனக்கு விளங்காத விஷயம். போலீஸ் பிரிந்தது, மனு போகும் வழி மாறவில்லை. முன்பு கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கு இறங்கியது, பின்பு எஸ்.பி.யிடமிருந்து இன்ஸ்பெக்டருக்கு இறங்கியது.

இனி அண்மைக்காலம், சுருக்கமாக. 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய ‘காவல்துறை நண்பர்கள்’ இயக்கம் மாநிலம் முழுதும் பரவியது. நல்லெண்ணத் திட்டம்தான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்த பிறகு, ஜூலையில் அரசு அந்த இயக்கத்துக்குத் தடை போட்டது. அந்த வழக்கில் தடயங்களைக் காக்க, காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் வைக்கும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1859இல் பிரித்ததை எண்ணிப் பாருங்கள்.

பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் புகார் ஆணையம் கேட்டது. நமது 2013ஆம் ஆண்டுச் சட்டம் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யை உறுப்பினராக்கியது. மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். 1854இன் கச்சேரிதான் இது.

மணி அடித்துவிட்டார்கள். செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ஸ்டேஷனில் மனு ரசீது கொடுக்கும் பழக்கத்தை யாராவது மாவட்டவாரியாக ஆராய வேண்டும். லாக்கப் கேமராப் பதிவு எத்தனை நாள் இருக்கிறது, கேட்டால் யார் தருகிறார் என்பது தனி ஆய்வு. கமிஷன் அறிக்கையின் பின்னிணைப்பு மனுக்களைத் தமிழில் பதிப்பிக்க, என்னைப் பேச அழைத்த இந்தத் துறையே முன்வரலாம். ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். போலீஸ்மீது வரும் மனு ஒவ்வொன்றும் எந்த மேசைக்குப் போய்ச் சேருகிறது என்று ஓராண்டு தொடர்ந்து பாருங்கள்.