ஆண் சத்தும் பெண் சத்தும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. புஸ்தகங்களைப் படித்தும், விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததையே சொல்லுகிறேன். நான் சொல்லுவதாலேயே நம்பிவிடாதீர்கள். யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.

"ஆண் இரத்தம் வேறு, பெண் இரத்தம் வேறு, ஆகையால் ஆண் ஆளுவதும் பெண் அடங்குவதும் இயற்கை" என்று வைதீக நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த இரத்தத்தில் என்ன இருக்கிறதென்று அவர் பார்த்தாரா?

ஆணுக்கு மீசையும் கட்டைக் குரலும் வரச் செய்வது டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன். பெண்ணுக்கு மார்பு வளரச் செய்வது ஈஸ்ட்ரோஜன். இரண்டும் இருவர் உடலிலும் உண்டு, அளவில்தான் வித்தியாசம். இரண்டுக்கும் மூலப்பொருள் கொலஸ்ட்ரால் என்கிற ஒரே கொழுப்புச் சத்து.

அதை இப்படி மாற்றுகிறவை என்சைம்கள், அதாவது நொதிகள். வெறும் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதல்லவா? எச்சிலிலுள்ள நொதி மாவுச் சத்தைச் சர்க்கரையாக்குவதுதான் காரணம். அதைப்போலவே ஆரோமட்டேஸ் என்கிற நொதி ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக்குகிறது. பெண்ணின் உடலில் உண்டாகும் ஈஸ்ட்ரோஜன் முழுவதும் அதற்கு முந்தின படியில் ஆண் ஹார்மோன் வகையாக இருந்ததுதான்!

இந்த நொதி சினைப்பையில் மாத்திரமல்ல, கொழுப்பிலும், எலும்பிலும், மூளையிலும் இருக்கிறது, ஆணுக்கும் இருக்கிறது. பிறவியிலேயே இது வேலை செய்யாத ஆண்களைப் பற்றி 1990களில் டாக்டர்கள் எழுதினார்கள். அவர்கள் வயது வந்த பிறகும் உயரம் நிற்காமல் வளர்ந்தார்கள், எலும்போ பலமற்றிருந்தது. ஆண்பிள்ளையின் எலும்பு உறுதிப்படவே 'பெண் சத்து' வேண்டியிருக்கிறது, தோழர்களே! அப்படியிருக்க, இதில் உயர்வென்ன, தாழ்வென்ன?

இன்னொரு சங்கதி கேளுங்கள். டொமினிக்கன் குடியரசு என்னும் தேசத்தில் சலினாஸ் என்று ஒரு கிராமம். அங்கே சில குழந்தைகள் பார்வைக்குப் பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, பன்னிரண்டு வயதுவாக்கில் குரல் உடைந்து ஆணாகிவிட்டார்கள். நம் புராணிகர்கள் கேட்டிருந்தால் ஒரு சாபத்தையும், ஒரு முனிவரையும், அதற்கொரு ஸ்தல மகிமையையும் கட்டியிருப்பார்கள். ஜூலியன் இம்பெராட்டோ-மக்கின்லி என்னும் டாக்டர் அம்மையாரும் அவர் கூட்டாளிகளும் அங்கே போய், சோதித்துப் பார்த்து, 1974-ல் காரணத்தை வெளியிட்டார்கள்.

காரணம் இதுதான். கருவிலே ஆண்குறி உருவாக டெஸ்டோஸ்டிரோன் மாத்திரம் போதாது. அதை இன்னும் வீரியமான பொருளாக மாற்ற 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்கிற நொதி வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு அது குறைவு. பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெருகியதும், பாக்கி வேலை அப்போது நடந்தது.

அந்த ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்ததையும் கவனித்தார்கள். அப்படியானால், வயோதிகத்தில் அந்தச் சுரப்பி வீங்கி, சிறுநீர் கழிக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு இந்த நொதியைத் தடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். ஃபினாஸ்டெரைடு என்னும் மருந்து பிறந்தது. 1992-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் மார்புப் புற்றுநோயில், ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகைக்கு, ஆரோமட்டேஸைத் தடுக்கும் மருந்துகளும் வந்தன. சாபமென்று உட்கார்ந்திருந்தால் இவை கிடைத்திருக்குமா?

தோழர்களே! உடல் அமைப்பில் வித்தியாசமாய்ப் பிறக்கும் குழந்தைகள் எல்லா நாட்டிலும் உண்டு. நம்மவர்கள் அதைப் பூர்வ ஜென்ம பாவம் என்கிறார்கள். தாயின் தோஷம் என்று அவளைத் தூற்றுகிறார்கள். சலினாஸில் கண்ட குறையோ தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் சேர்ந்து வருவது. அப்படியிருக்க, தாயை மாத்திரம் ஏன் ஏசவேண்டும்? குழந்தையை ஏன் ஒளித்து வைக்கவேண்டும்? மந்திரவாதிக்குக் கொடுக்கும் பணத்தை வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அந்தக் குழந்தையை மற்றக் குழந்தைகளோடு பள்ளிக்கூடத்தில் உட்கார வையுங்கள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தில் எஜமானனும் இல்லை, அடிமையும் இல்லை என்றுதான் சொல்லுகிறேன். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள்.