வரைபடம் சொல்வதும் பெரியவர்கள் சொல்வதும்

(நாகபுரி கிளை உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைக்கு உபன்யாசம் இல்லை, 'மேப்' பற்றிப் பேச்சு என்று செயலாளர் அறிவித்தபோது சிலர் முகத்தில் புன்சிரிப்பைக் கண்டேன். ஆனால் இது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. எந்தக் கர்மாவையும் சங்கல்பம் செய்துகொண்டுதான் ஆரம்பிக்கிறோம். என்ன காலம், எந்தக் கண்டம், எந்தத் தேசம் என்று சொல்லிவிட்டுத்தான் காரியத்துக்கு வருகிறோம். எந்த நதியின் எந்தக் கரை என்று சொல்பவர்களும் உண்டு. நிற்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு காரியத்தில் இறங்கு என்பதுதான் இதன் தாத்பரியம். வரைபடத்தின் வேலையும் அதுவே.

நாகபுரியில் வசிக்கும் நமக்கு இதில் ஒரு தனிப் பந்தம் உண்டு. நம் ஊர் ஜீரோ மைல் கல்லை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அந்த இடம் இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மகா சர்வேயோடு சம்பந்தப்பட்டது. அந்த சர்வேயை ஆரம்பித்த வில்லியம் லாம்ப்டன் 1823 ஜனவரியில் காலமானது, இங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஹிங்கன்காட்டில். அவருடைய சமாதியும் அங்கேதான் இருக்கிறது.

அவர் வேலையைத் தொடங்கியது நம் சென்னையில். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே சுமார் ஏழரை மைல் தூரத்தை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்க ஆரம்பித்தார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று கோத்துக்கொண்டே போனார்கள். இமயமலைச் சிகரங்களின் உயரம் வரை அதிலிருந்து கிடைத்தது.

காவிரி டெல்டாவில் மேடு கிடையாது. கோணம் பார்க்க உயரமான இடம் வேண்டும். அதற்குக் கோயில் கோபுரங்களையே பயன்படுத்தினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமாயிற்று. லாம்ப்டன் வாரக்கணக்கில் கூடாரத்திலேயே இருந்து அதைத் தன் கையால் சரிசெய்தார் என்பது வரலாறு.

கிழக்கிந்தியக் கம்பெனி இதையெல்லாம் வரி வசூலிக்கவும் படை நடத்தவும்தான் செய்தது. ஆனால் அளந்து எழுதி வைத்தது யாருக்கும் பயன்படும். அவர்கள் விட்டுச்சென்ற தாள்களை நாம் எப்படிப் பயன்படுத்தினோம் என்பதுதான் இன்று கேட்க வேண்டிய கேள்வி.

லாம்ப்டன் அளந்த அந்த ஏழரை மைலையே எடுத்துக்கொள்ளுங்கள். பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவில் இன்று வேளச்சேரி இருக்கிறது, பள்ளிக்கரணை இருக்கிறது. நம் உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் அங்கே ஃபிளாட் வாங்கியிருக்கிறார்கள். பழைய வரைபடத்தில் பாருங்கள். சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீர் வந்து தங்கும் பெரிய சதுப்பு நிலம் அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வந்தது. நாம்தான் அதன் இடத்தில் இருந்தோம். மிச்சமிருக்கும் சதுப்பு நிலம் 2022இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. வாங்கப்போகும் மனைக்கு வில்லங்கச் சான்றிதழ் பார்க்கிறோம், வாஸ்துவும் பார்க்கிறோம். அதோடு பழைய சர்வே தாளையும் ஒரு தடவை பார்த்துவிட்டால் நல்லது.

தாள் என்று சொன்னேன். சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் நிலவரைத் தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரைக் கிலோமீட்டர். அதில் சம உயரக் கோடுகள் இருக்கும். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் சமவெளி. இதை மட்டும் தெரிந்துகொண்டால் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். ஏரி தனியாக இருப்பதில்லை. அதற்கு நீர்பிடிப்பு வேண்டும், வரத்துக்கால் வேண்டும், கலிங்கிலிருந்து வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போக வேண்டும். நேரில் போனால் ஒரு கரையைத்தான் பார்க்கிறோம். முழுச் சங்கிலியும் வரைபடத்தில்தான் தெரியும். வரத்துக்கால் அடைபட்ட ஏரியை எத்தனை லட்சம் செலவழித்துத் தூர்வாரினாலும் அது நிரம்பாது.

1988 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் போன பிறகு நிலத்தைப் பார்க்க நமக்கே சொந்தமான கண் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் பச்சை இலை அதிகமாகத் திருப்பி அனுப்பும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அந்தப் படங்களில் செழிப்பான பயிர் சிவப்பாகவும் தெளிந்த நீர் கறுப்பாகவும் தெரியும். காட்டின் பரப்பு, பயிர், தரிசு எல்லாவற்றையும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.

நிலத்தடி நீரைச் செயற்கைக்கோள் நேராகப் பார்த்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பாறையின் வகை, பிளவுகள் போகும் திசை, பள்ளத்தாக்கின் அமைப்பு ஆகியவை படத்தில் தெரியும். அதிலிருந்து நீர் இருக்கக்கூடிய இடத்தை ஊகிக்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் குடிநீர்த் திட்டத்துக்காக இத்தகைய வரைபடங்களைத் தயாரித்தது. நம் நாகபுரிக்கு மேற்கே தக்காணத்து எரிமலைப் பாறை, கிழக்கே வேறு பழம்பாறைகள். இரண்டிலும் கிணறு தோண்டும் இடம் ஒன்றாக இருக்க முடியாது.

அரசுப் பணியில் இருந்தபோது குடிநீர் வேலையாக விதர்ப்பாவின் கிராமங்களுக்குப் போயிருக்கிறேன். எங்கள் தாளில் இரண்டு ஓடைகள் ஒரே மாதிரி நீலக் கோடாக இருக்கும். ஆடு மேய்க்கிற கிழவர் ஒருவர், "இதில் தீபாவளியோடு தண்ணீர் நின்றுவிடும், அதில் ஹோலி வரை ஓடும்" என்றார். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்குப் பல நாள் வேலையை மிச்சப்படுத்தியது. கருவி இடத்தைச் சொல்லும். அந்த இடத்தின் குணத்தை அங்கே வாழ்ந்தவர்தான் சொல்ல வேண்டும்.

இதை 200 வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்டவர் காலின் மெக்கன்சி. 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். நிலத்தை அளக்கப் போன இடங்களில் எல்லாம் கல்வெட்டு, சுவடி, ஸ்தல வரலாறு, கிராமத்துக் கணக்கு என்று சேகரித்தார். அவருக்கு அந்தந்த பாஷைகள் தெரியாது. காவலி வெங்கட பொரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா போன்ற ஆந்திர தேசத்துப் பண்டிதர்கள்தான் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். அந்தத் தொகுப்பின் ஒரு பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும்? 2013இல் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள 92 சின்னங்களைக் காணவில்லை என்றது. பிறகு தேடிப் பலவற்றைக் கண்டுபிடித்தார்கள். 2022இல் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன கணக்கு 50. அதில் 14 நகர வளர்ச்சியில் போயின, 12 அணை நீரில் மூழ்கின, மீதி 24 எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. 2024இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடிவு செய்தார்கள். அதில் ஒன்று ஹரியானாவில் முஜேஸர் கிராமத்தில் இருந்த கோஸ் மினார். முகலாயர் காலத்தில் வழிப்போக்கருக்குத் தூரம் காட்ட நட்ட தூண் அது. வழிகாட்டிய தூணே இருந்த இடம் தெரியாமல் போயிற்று!

இப்போது சின்னங்களின் இடத்தை இஸ்ரோவின் உதவியோடு அட்சரேகை, தீர்க்கரேகை சகிதம் வரைபடத்தில் பதிகிறார்கள். சுற்றிலும் 100 மீட்டருக்குள் புதிய கட்டடத்துக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்ற சட்டத்தை அமல்படுத்த இது அவசியம். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது சில ஆயிரம் சின்னங்கள்தான். நம் கிராமத்துப் படித்துறையும், வழிநடை மண்டபமும், எல்லையில் இருக்கும் அய்யனாரும், ஏரி மடையில் உள்ள கல்வெட்டும் அதில் இல்லை. அவற்றை யார் பதிவு செய்வது?

இங்கேதான் நம் சங்கத்து உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நாம் எல்லோரும் ஊரை விட்டு வந்தவர்கள். தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு என்று பெயருக்கு முன்னால் ஊர் எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த ஊரில் எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்ந்தது, திருக்குளத்துக்கு நீர் எங்கிருந்து வந்தது, பழைய சத்திரம் எங்கே இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் நம் வீடுகளில் 80, 85 வயதில் இருக்கிறார்கள். அவர்களோடு அந்தப் பெயர்களும் போய்விடும்.

வழி கடினமில்லை. 2005ஆம் ஆண்டுக் கொள்கைப்படி பொதுமக்களுக்கென்று தனி வரிசைத் தாள்கள் வந்தன. 2021 பிப்ரவரியில் விதிகள் இன்னும் தளர்த்தப்பட்டன. சர்வே தாள்களை இணையத்தில் எடுக்கலாம். தமிழ்நாட்டில் கிராமப்புறப் பட்டாவும் புல வரைபடமும் இணையத்தில் கிடைக்கின்றன. பேரக் குழந்தைகளை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பெரிதாக அச்சடித்துத் தாத்தா பாட்டி முன்னால் விரியுங்கள். அவர்கள் சொல்லச் சொல்லக் குளம், வாய்க்கால், களம், தோப்பு, கோயில் எல்லாவற்றின் பெயரையும் எழுதுங்கள். அடுத்த முறை குலதெய்வத்துக்குச் செய்யப் போகும்போது அந்தத் தாளோடு போய், இருப்பது எது, இல்லாதது எது என்று குறித்துப் படம் எடுங்கள். அங்கே இன்று பயிரிடுகிறவர்களையும் கேளுங்கள். நாம் வந்த பிறகு நடந்தது அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பிரதியை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாம் எழுதும் வரைபடம் யாருக்கும் நில உரிமை தராது. உரிமைக்குப் பத்திரமும் பதிவேடும் வேண்டும். பங்காளிச் சண்டையைக் கிளப்ப இதைப் பயன்படுத்தாதீர்கள்! ஊரின் தண்ணீரும் ஞாபகமும் காக்கப்படட்டும் என்பதற்கு மட்டுமே இது.

வருகிற ஒரு வருஷத்தில் பத்துக் குடும்பங்கள் பத்துக் கிராமங்களைப் பதிவு செய்தால்கூட எனக்குத் திருப்தி. தாளைப் படிப்பதில் சந்தேகம் இருப்பவர்கள் வீட்டுக்கு வரலாம். காபியோடு உட்கார்ந்து பார்ப்போம்.