அப்பாயி ஓட்டுப் போட்ட வருசம்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாம் படித்த காலத்தில் ஒவ்வொரு பெப்ரவரி 4ஆம் திகதியும் பனியில் நடுங்கிக்கொண்டு கொடியேற்றுவோம். 1948இல் சுதந்திரம் கிடைத்தது என்று சரித்திரப் புத்தகத்தில் இருந்தது. லயத்துக்குப் போய் அப்பாயியிடம் சொன்னால், "ஆமா, அதுக்கு முந்தின வருசந்தான் நான் ஓட்டுப் போட்டேன்" என்பார். அதற்குப் பிறகு? "அதுக்குப் பொறவு ஏது?" அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

யுத்த காலம் என்றால் அப்பாயிக்கு அரிசிதான். 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. கூப்பன் வந்தது, கோதுமை மா வந்தது. எங்கள் வீட்டு அடுப்பில் ரொட்டி நிலைத்தது அப்போதுதான் என்பார். பிரித்தானியாவுக்குத் தேயிலை வேண்டியிருந்ததால் மலையில் வேலை மட்டும் நிற்கவில்லை.

யுத்தம் முடிந்தும் கஷ்டம் முடியவில்லை. 1946இல் கேகாலைப் பகுதியில் நேவ்ஸ்மியர் தோட்டத்தை, நம்மவர் வாயில் உருளவள்ளியை, கிராமத்தவருக்குக் காணியாகப் பிரித்துக் கொடுப்பதற்காக அங்கே உழைத்த நம் ஆட்களை வெளியேறச் சொன்னார்கள். மலைநாட்டுத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. காணியில்லாத அந்தக் கிராமத்தவரும் ஏழைகள்தாம். அவர்கள்மேல் பழி போட எனக்கு மனமில்லை.

அடுத்த ஆண்டு கொழும்பு கொதித்தது. 1947 யூன் 5ஆம் திகதி வேலைநிறுத்த ஊர்வலத்தின்மேல் பொலிஸார் சுட்டதில் கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் உயிரிழந்தார். இரு வாரம் கழியுமுன், யூன் 18ஆம் திகதி, இலங்கைக்குப் பொறுப்பாட்சி தரப்படும் என்று பிரித்தானிய அரசு அறிவித்தது. வேலைநிறுத்தம் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். இந்தியா விடுதலையை நெருங்கிவிட்டது, டி.எஸ். சேனநாயக்கா விடாமல் பேச்சுவார்த்தை நடத்திவந்தார். ஆனால் கூப்பன் அரிசியில் காலந்தள்ளி வேலைநிறுத்தம் செய்தவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கத்தானே வேண்டும்?

அந்த வருடப் பொதுத் தேர்தலில்தான் அப்பாயி ஓட்டுப் போட்டார். இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மற்றப் பெண்களோடு விடியுமுன் மலையிறங்கினாராம். யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை. சொன்னது வேறு: உள்ளே ஒருவர் அவருடைய பேரை முழுசாக வாசித்தாராம். பிரட்டுக்களத்தில் அதட்டுகிற மாதிரி இல்லாமல் வாசித்தாராம். இலங்கை இந்தியக் காங்கிரஸ் அந்தத் தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்றது. தொண்டமானும் சி.வி. வேலுப்பிள்ளையும் அப்படித்தான் பாராளுமன்றம் போனார்கள்.

சுதந்திரம் வந்த அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. 1949இல் வந்த சட்டங்களில் ஒன்று, விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறச் சொன்னது. இன்னொன்று, பிரஜையல்லாதவர்களுக்கு ஓட்டில்லை என்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. விதவையான அப்பாயியும் விண்ணப்பித்தார். செக்ரோலில் ஒரு வருசம் ஒரு விதமாகவும் மறு வருசம் வேறு விதமாகவும் அவர் பேர் எழுதியிருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதைக் காட்ட அவர் கையில் ஒரு கடதாசியும் இல்லை. 1952 தேர்தலில் தோட்டங்களிலிருந்து ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஹட்டன் ஸ்டேசனில் அழுதுகொண்டே தோழிகளை வழியனுப்பியவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது, அவர் மூலம் எனக்கும். அப்பாயிக்கு இல்லை.

1977 யூலையில் நான் முதன்முதலாக ஓட்டுப் போடப் போனேன். நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் மீண்டும் தெரிவான தேர்தல் அது. முழங்கால் வலியோடு அப்பாயியும் கூடவே நடந்து வந்தார். வாசலுக்கு வெளியே கல்லொன்றில் உட்கார்ந்துகொண்டார். நான் திரும்பி வந்ததும் மையிட்ட விரலைக்கூடப் பார்க்கவில்லை.

"பேரை வாசிச்சாங்களா?" என்றார்.

"வாசிச்சாங்க அப்பாயி."

"சரியா வாசிச்சாங்களா?"