ஒப்புக்கொண்டவன் எல்லாம் குற்றவாளியா?

 

"செய்யாத குற்றத்தை எவனாவது செய்தேன் என்று சொல்வானா?" ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்ற செய்தி காதில் விழுந்ததும் நம்மில் பலர் இப்படித்தான் கேட்கின்றோம். அத்துடன் அவனுடைய வழக்கை நம் மனங்களில் முடித்தும் விடுகின்றோம். இக்கேள்விக்கு விடை "ஆம், சொல்வான்" என்பதே. இதனை அறியாதிருப்பது நிரபராதிகளுக்குப் பெரும் அநீதியாக முடியும்.

1989 ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலுள்ள சென்ட்ரல் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் மிகக் கொடூரமாகத் தாக்கப்பட்டு மானபங்கப்படுத்தப்பட்டாள். அதற்காக 14 முதல் 16 வயது வரையான ஐந்து சிறுவர்கள் பிடிக்கப்பட்டுப் பல மணி நேரம் விசாரிக்கப்பட்டனர். நால்வர் ஒளிப்பதிவுக் கருவியின் முன்னிலையில் வாக்குமூலம் அளித்தனர். ஐந்தாமவரான யூசுப் ஸலாம் 15 வயது முஸ்லிம் சிறுவர். அவர் எதிலும் கையொப்பமிடவில்லை. ஆயினும், அவர் ஒப்புக்கொண்டார் என்று பொலிஸ் அதிகாரி அளித்த சாட்சியம் அவருக்கு எதிராக நின்றது.

அவ்வாக்குமூலங்கள் ஒன்றுடன் ஒன்று முரண்பட்டன. சம்பவ இடத்தில் கிடைத்த மரபணுத் தடயம் ஐவரில் எவருடனும் பொருந்தவில்லை. அப்படியிருந்தும் 1990 இல் ஐவரும் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். பல ஆண்டுகளின் பின்னர், வேறு குற்றங்களுக்காகச் சிறையிலிருந்த ஒருவன் உண்மையை வெளியிட்டான். அந்த மரபணு அவனுடையதே என்பதும் உறுதியாயிற்று. 2002 டிசம்பரில் ஐவரின் மீதான தீர்ப்புகளும் நீக்கப்பட்டன. அதற்குள் அவர்களுள் மூத்தவர் ஏறத்தாழ 13 ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார். 2014 இல் நகர நிர்வாகம் 4 கோடி 10 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்க இணங்கியது. ஆனால் இழந்த இளமையை எந்தப் பணம் மீட்டுத் தரும்?

அச்சிறுவர்கள் ஏன் ஒப்புக்கொண்டனர்? களைப்பும் உறக்கமின்மையும் அச்சமும் ஒருவனை ஆட்கொள்ளும்போது, நாளைய தண்டனையைவிட இக்கணத்து வேதனையே அவனுக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. "சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம்" என்ற ஆசை வார்த்தை அவனை வீழ்த்துகின்றது. தான் நிரபராதி என்பதால் உண்மை எப்படியும் வெளிப்படும் என்றும் அவன் நம்புகின்றான். இளம் வயதினர் இவற்றுக்கு மிக எளிதில் இரையாகின்றனர்.

பெற்றோர்களே, இதைக் கவனியுங்கள். அவ்வழக்கில் ஒரு சிறுவனின் தந்தையும் விசாரணை அறையில் இருந்தார். பொலிஸார் கேட்பதைச் சொல்லிவிடும்படி தந்தையே தன்னை வற்புறுத்தினார் என அம்மகன் பின்னாளில் கூறினார். மகனை விரைவில் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்று நம்பிய பாசமே அவனைச் சிறைக்கு அனுப்பியது.

சோல் காசின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1996 இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். கணினியில் குறிப்பிட்ட ஒரு விசையைத் தொடவே கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது. கணினி தானாகச் செயலிழந்ததும், அவ்விசையை அழுத்தியதாக அவர்கள்மீது பழி சுமத்தப்பட்டது. எவரும் அழுத்தியிருக்கவில்லை. ஆயினும் 69 சதவீதத்தினர் குற்றத்தை ஏற்றுக் கையொப்பமிட்டனர். அவசரமாகத் தட்டச்சுச் செய்ய வைக்கப்பட்டு, "நான் கண்டேன்" என்ற பொய்ச் சாட்சியும் நிறுத்தப்பட்ட பிரிவில் அனைவருமே கையொப்பமிட்டனர். சிலர் தாமே தவறு செய்ததாக உண்மையில் நம்பவும் தொடங்கினர்!

தீர்ப்புச் சொல்பவர்களின் நிலை என்ன? அதே அறிஞர் 1997 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மாதிரி ஜூரிகளாக அமர்ந்தோர், வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதை உணர்ந்தனர்; அது தம் முடிவைப் பாதிக்கவில்லை என்றும் கூறினர். ஆனால் வாக்குமூலம் இருந்த வழக்கில் குற்றவாளி என்று தீர்த்தவர்களின் தொகை கூடியே இருந்தது. "ஒப்புக்கொண்டான்" என்ற சொல் நம் அறிவை அத்துணை வலிமையாகக் கட்டிவிடுகின்றது.

நேயர்களே! இவ்விடயத்தில் நம் மார்க்கம் காட்டிய எச்சரிக்கையைப் பாருங்கள். தாமாகவே முன்வந்து பாவத்தை ஒப்புக்கொண்ட மாஇஸ் (ரலி) அவர்களிடமிருந்து நபி (ஸல்) அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் நான்கு முறை கூறிய பின்னரும், அவருக்குப் புத்தி பேதலிப்பு ஏதும் உண்டா என விசாரித்தார்கள். பசியாலும் அச்சத்தாலும் சிறையாலும் வருத்தப்படும் மனிதன் தனக்கு எதிராகவே பேசிவிடக்கூடும் என்ற கருத்து உமர் (ரலி) அவர்களின் கூற்றாக இமாம் அபூயூசுப் அவர்களின் நூலில் பதிவாகியுள்ளது.

நம் நாட்டின் 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டமும், பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலை அதை அளித்தவருக்கு எதிராக எண்பிக்கலாகாது என விதித்தது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ இதற்கு விலக்களித்து, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்பட்ட ஒப்புதலை ஏற்க வழி செய்தது. அதன் கசப்பை அனுபவித்த குடும்பங்கள் இத்தீவின் எல்லாச் சமூகங்களிலும் உள்ளன.

இளைஞர்களே! எந்த நெருக்கடியிலும் செய்யாததைச் செய்தேன் என்று சொல்லாதீர்கள். வாசித்து விளங்காத தாளில் கையொப்பமிடாதீர்கள். சட்டத்தரணியின் உதவியைக் கேளுங்கள்.

பெற்றோர்களே! வீட்டில் ஒரு பொருள் காணாமற் போனால், பிரம்பை உயர்த்திப் பெற்ற "ஆம், நான்தான்" என்பதை உண்மையாகக் கொள்ளாதீர்கள். பிள்ளை சொல்வது நடந்தவற்றோடு பொருந்துகின்றதா என்று நிதானமாக ஆராயுங்கள். ஊரில் ஒருவர் ஒப்புக்கொண்டார் என்று கேள்விப்பட்டால், "எப்படிப் பெறப்பட்டது? வேறு ஆதாரம் என்ன?" என்ற இரண்டையும் கேட்காமல் அவர் குடும்பத்தை ஒதுக்கிவிடாதீர்கள்.

நீதியுடன் பேசவும் நீதியுடன் தீர்க்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.