பல்கலைக்கழகப் புத்தகமும் பாமர மக்களும்

(கோவில்பட்டியில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)

பல்கலைக்கழகம் போடும் புத்தகங்களைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளை. பருத்தி விதைக்கிறவனுக்கும் தீப்பெட்டி ஒட்டுகிறவளுக்கும் அதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். கேட்கவேண்டியதுதான்.

சென்னைப் பல்கலைக்கழகம் 'தமிழ் லெக்சிகன்' என்ற பேரகராதியை வெளியிட்டது. 1913-ல் வேலையைத் துவக்கியவர் சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியார். முடித்தவர் நம் திருநெல்வேலிச் சீமை வையாபுரிப் பிள்ளை. 1924 முதல் 1936 வரை ஆறு பாகங்கள் வந்தன. செலவு 4 லட்சம் ரூபாய்க்கு மேல். அதில் சர்க்கார் பணமும் உண்டு. சர்க்கார் பணம் என்றால் யார் பணம்? வரி கொடுத்த உங்கள் பணம்தானே!

சிவன் உடுக்கையிலிருந்து தமிழ் உதிர்ந்தது என்பான் புராணிகன். இந்த அகராதி எந்த உடுக்கையிலிருந்தும் உதிரவில்லை. மனிதர்கள் ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சேர்த்தது. ஆறு பாகமும் முடிந்த மூன்றாம் வருஷமே, 1939-ல், விட்டுப்போனவை என்று 13,000 சொற்களுக்கு மேல் சேர்த்து அனுபந்தம் போட்டார்கள். "எங்களிடம் குறை உண்டு" என்று எந்தச் சாஸ்திரமாவது அனுபந்தம் போட்டதுண்டா? அறிவு நூலுக்கும் வேதத்துக்கும் உள்ள பேதம் இதுதான்.

அதற்குப் பிறகும் குறை தீர்ந்ததா? இல்லை. பண்டிதர் ஏட்டில் உள்ள சொல் ஏறிய அளவு, கரிசல் காட்டுச் சம்சாரி வாயில் உள்ள சொல் ஏறவில்லை. 'திருநெல்வேலி வழக்கு' என்று குறியிட்டுச் சில சேர்த்தார்கள். வெளியே நின்றவை ஏராளம். அவற்றைத் தேடித் தொகுத்தவர் யார்? பட்டதாரியா? பக்கத்து இடைசெவல் விவசாயி கி. ராஜநாராயணன்! கல்லூரி வாசலை மிதிக்காத அவர் 1982-ல் கரிசல் வழக்குச் சொல்லகராதி வெளியிட்டார். பின்னால் புதுவைப் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக அழைத்து உட்காரவைத்தது. படிப்பு ஒரு ஜாதியின் பிறப்புரிமை என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

தோழர்களே! 1948-ல் வந்த சட்டத்தினால் வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறீர்கள். கோயில் கொடைக்கு வரி கொடுத்தவன் கணக்குக் கேட்கிறான். நூலகத்துக்கு வரி கொடுத்தவன் ஏன் கேட்பதில்லை? "லெக்சிகன் எங்கே? பல்கலைக்கழக நூல்கள் எங்கே?" என்று போய்க் கேளுங்கள். இணையத்தில் சிக்காகோ பல்கலைக்கழகம் அந்த அகராதியை இலவசமாகவே வைத்திருக்கிறது; கைப்பேசி உள்ள பிள்ளைக்கு அதைக் காட்டிக்கொடுங்கள்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகத்துக்குப் பொட்டு வைத்து, அன்றைக்குப் படிக்கவும் கூடாது என்கிறோம். புத்தகத்துக்குச் செய்யும் மரியாதை அதைப் பிரிப்பது. பிரியுங்கள், படியுங்கள், தப்பு இருந்தால் தப்பென்று சொல்லுங்கள்!